ஆற்றங்கரையில் ஆலயம் கட்டப் போகிறோம்

கேள்வி: பெரு நாட்டில் உக்கயாலி ஆற்றங்கரை ஊரான ரெக்கேனாவில் ஆலயம் கட்டும் ஊழியத்துக்கு எங்கள் சபையார் போகிறோம். எப்படித் தயாராவது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சந்தோஷமான செய்தி. முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. புறப்பட 10 நாளுக்கு முன்பாவது போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். மலேரியாவுக்கும் டாக்டரைப் பாருங்கள், அந்த லொரேத்தோ பகுதியில் அது அதிகம்.

அப்புறம் சிமென்ட். கட்டட மேற்பார்வையில் காலம் கழித்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இக்கிட்டோஸ் வரை விமானம், அங்கிருந்து ஆற்றுவழி. படகின் ஈரக்காற்றிலேயே மூட்டை கட்டிதட்டும். விரலால் நசுக்கிப் பாருங்கள். உதிராத கட்டி இருந்தால் அந்த மூட்டை தூணுக்கு வேண்டவே வேண்டாம். பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்கித் தார்ப்பாய் போடுங்கள்.

ஏப்ரல், மே வாக்கில் ஆறு நிரம்பி நிற்கும். அஸ்திவாரத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பர் சரி. வெள்ளம் எதுவரை ஏறும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தளமட்டத்தை அதற்கு மேலே வையுங்கள். உள்ளூர் மேஸ்திரியைப் புறப்படும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். வேலையை அவர் நடத்தட்டும், நீங்கள் கைகொடுங்கள்.