எந்தக் கால் முதலில்?

கேள்வி: எனக்கு 37 வயது. ஐ.டி. வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஒரே பழக்கம், இரவு பதினொரு மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் ‘செஷன்’ என்கிற ஸ்கேட்போர்டு வீடியோ கேம் ஆடுவது. சுடுகிற, வெட்டுகிற விளையாட்டு இல்லை. சக்கரம் வைத்த நிஜப் பலகைமேல் நிற்பது எப்படியோ அப்படியே இருக்கும். ஒரு வித்தை கைகூட ஒரு வாரம்கூட ஆகும், அதுதான் அதில் சுகம். மனைவிக்குப் பிடிக்கவில்லை. “இந்த வயசுல பொம்மை விளையாட்டா” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். டிவி ஹாலில் இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன் வலது பக்கம் பக்கவாதம் வந்த அப்பாவின் கட்டிலும் அங்கேதான் என்பதால், சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறேன். அவரும் தூங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் “எந்தக் காலுடா முதல்ல?” என்று கேட்பார். பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார், மற்ற நாள்களில் பயிற்சியை மனைவி பார்த்துக்கொள்கிறாள், அதனால் அந்த விஷயத்தில் குறை இல்லை. ஒரு மனிதனுக்குத் தனக்கென்று இரண்டு மணி நேரம் கூடாதா? இதை மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்:

தம்பி, உங்கள் கேள்வி எனக்குப் புதிதில்லை. சீட்டு, கிரிக்கெட், மீன் தூண்டில், செல்போன் என்று பெயர் மாறுமே தவிர, “எனக்கென்று இரண்டு மணி நேரம் கூடாதா” என்று மாதம் ஒருவராவது எழுதிவிடுகிறார். கூடும், கூடாது என்று நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கடிதத்தில் ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் பேச்சு. “எந்தக் காலுடா முதல்ல?”

அந்த வரி முழுதாகப் புரிய உங்கள் விளையாட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. என் அக்கா பேரனிடம் அது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். 1999இல் டோனி ஹாக் என்ற ஸ்கேட்போர்டு வீரர் பெயரில் வந்த பழைய ஆட்டத்தில் பட்டனைத் தட்டினாலே ஆள் பறப்பானாம், புள்ளிகள் குவியுமாம். 2007இல் வந்த ‘ஸ்கேட்’ வித்தைகளைப் பட்டனிலிருந்து, கட்டைவிரலால் சாய்க்கிற ஸ்டிக்குக்கு மாற்றியதாம். நீங்கள் ஆடுவது, கனடாவின் மான்ட்ரியலில் ஒரு சின்ன ஸ்டுடியோ பல வருடம் உழைத்து 2022இல் முழுதாக வெளியிட்டது. அதில் இடது ஸ்டிக் இடது கால், வலது ஸ்டிக் வலது கால். ஒவ்வொரு காலையும் தனித்தனியாக நினைத்து நகர்த்த வேண்டும். வித்தைக்கு மார்க் கிடையாது. சறுக்கினோமா, விழுந்தோமா, அவ்வளவுதான்.

என் கையில் கொடுத்தான். ‘ஆலி’ என்பதுதான் முதல் பாடம், பலகையோடு ஒரு சின்னக் குதி. பத்து நிமிடத்தில் எத்தனை தடவை விழுந்தேன் என்று அவன்தான் எண்ணினான், முப்பத்தொன்று. “பாட்டி, பின்னங்கால் பலகையோட வாலை அழுத்தணும், அப்புறம்தான் முன்னங்கால்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. பிள்ளை நல்ல பிள்ளை. ஆக, எந்தக் கால் முதலில் என்பதுதான் அந்த விளையாட்டிலும் முதல் கேள்வி. இது வரைக்கும் சரி.

இப்போது உங்கள் ஹாலுக்கு வருவோம். விளக்கு அணைந்திருக்கிறது. டிவி வெளிச்சம் மட்டும். கட்டிலில் ஒருவர் விழித்துக்கிடக்கிறார். நான்கு மாதத்துக்கு முன்பு வரை அவருடைய இரண்டு காலும் அவர் கேட்காமலே நடந்தன. இன்று வலது காலை எடுத்து வைக்க வேண்டுமென்றால், உங்கள் பொம்மைக்கு நீங்கள் நினைப்பதுபோல் ஒவ்வொரு அடியையும் நினைத்தாக வேண்டும். எதிரில் மகன், திரையில் ஒருவனை ஒரே படிக்கட்டில் நாற்பது தடவை விழவைத்து, நாற்பது தடவை எழுப்பி, நாற்பத்தொன்றாவது தடவையும் பொறுமையாக நிற்க வைக்கிறான். அதைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்கிறார், எந்தக் கால் முதலில் என்று.

அது விளையாட்டைப் பற்றிய கேள்வி என்று நினைத்தீர்களா? அவருக்கு என்ன பதில் சொன்னீர்கள்? மனைவி முகத்தைத் திருப்பியதுவரை எழுதிய நீங்கள் அதை மட்டும் எழுதவில்லை. எழுதும் அளவுக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, “மனைவி பார்த்துக்கொள்கிறாள், அதனால் குறை இல்லை” என்ற வரி. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். பெற்ற அப்பாவைத் தூக்கி நிறுத்தும் வேலையை வீட்டுக்கு வந்த பெண் தலையில் வைத்துவிட்டு, அதைக் குறை இல்லை என்று கணக்கெழுதுகிறீர்கள். பழைய காலத்து ஆள் என்று என்னை வேண்டுமானால் சொல்லுங்கள். அப்பாவின் உடம்புக்கு முதல் பொறுப்பு மகன், மகள் கைதான். மருமகள் உதவிக்கு வரலாம், அது அவள் பெருந்தன்மை.

இதில் உங்களுக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கும். நம் வீடுகளில் ஒரு மாமனார் மருமகளை இடுப்பில் கை போட்டுத் தாங்க விடுவாரா? கூச்சப்படுவார். நாலு அடி நடந்ததும் “போதும்மா, நீ போய் வேலையைப் பாரு” என்பார். அவளும் வற்புறுத்த முடியாமல் விட்டுவிடுவாள். இருபது தடவை நடக்க வேண்டியது ஐந்தோடு நிற்கும். இதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இல்லை என்றால் மகிழ்ச்சி. ஆனால் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

கணக்கையும் பார்த்துவிடுவோம். பிசியோதெரபிஸ்ட் வந்தால் முக்கால் மணி நேரம் இருப்பார் என்று வைத்துக்கொண்டால், இரண்டு நாளைக்கு ஒன்றரை மணி. திரையில் இருப்பவனுக்கு வாரம் பதினான்கு மணி நேரம். பக்கவாதத்தில் முதல் சில மாதங்கள்தான் உடம்பு வேகமாகத் தேறும். அதற்கப்புறமும் தேறும், ஆனால் மெதுவாக. மூளை இழந்த வழியைத் திரும்பக் கற்பது, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதால்தான். திரும்பத் திரும்பச் செய்வதில் உங்களைவிடத் தேர்ந்தவர் யார்? ஒரு குதிக்கு ஒரு வாரம் கொடுக்கிற பொறுமை உங்களிடம் இருக்கிறது. அதை மான்ட்ரியல்காரர்கள் செய்த பொம்மைக்குத் தந்துவிட்டீர்கள்.

அடுத்த தடவை பிசியோதெரபிஸ்ட் வரும்போது அரை நாள் லீவு போடுங்கள். பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் நிற்பது, இடுப்பில் துணி பெல்ட்டை எப்படிப் பிடிப்பது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழவைப்பது என்று அவர் சொல்வார். பொதுவாக, பலவீனமான பக்கத்தில், சற்றுப் பின்னால் நிற்கச் சொல்வார்கள். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள்பட்டை கழன்றுவிடலாம். அவசரத்தில் பல பிள்ளைகள் செய்கிற தப்பு இது. படிக்கட்டு பழக பிசியோதெரபிஸ்ட் சம்மதித்தால், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பாதிக்கப்பட்ட கால் முதலில். ஏறுகையில் உடம்பைத் தூக்கவும், இறங்குகையில் மேல்படியில் நின்று தாங்கவும் நல்ல காலால்தான் முடியும். அப்பாவின் கேள்விக்குப் பதில் அதுதான். நள்ளிரவில் சொல்ல வேண்டாம், பகலில், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். உங்கள் ஆள் விழுந்தால் பட்டனைத் தட்டி எழுப்பலாம். அப்பா ஒரு தடவைகூட விழக் கூடாது.

இன்னொன்று, அவர் ஒரு மணி வரை தூங்காமல் கிடப்பதைச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் டிவி வெளிச்சமே காரணமாக இருக்கலாம், முதலில் அதை ஹாலிலிருந்து எடுங்கள். அப்புறமும் தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருகிறது. நம் ஊர் அப்பாக்கள் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தீர்கள். அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கிறது, புரியவைக்கிற வேலையை விடுங்கள். காலை ஆறரை மணிக்கு நீங்களே அப்பாவை எழுப்பி உட்காரவையுங்கள். ஒரு மாதம் போகட்டும். அதுவரை அந்தப் பெட்டியை ஆன் செய்யாதீர்கள்.

அப்புறம் ஆட வேண்டுமென்றால் சாயங்காலத்தில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஆடுங்கள். அவருக்கு இடது கை நன்றாகத்தானே இருக்கிறது, இடது ஸ்டிக்கை அவரிடம் கொடுங்கள். வைத்தியம் என்று நினைத்துச் சொல்லவில்லை, நாலு மாதமாகச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்றுதான். நிச்சயம் விழுவீர்கள். முப்பத்தொன்றைத் தாண்டினால் எனக்கு எழுதுங்கள்.

எழுதும்போது, உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படி, அப்பா கடைசியாக அதில் இறங்கியது என்றைக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.