தேநீரகத்தில் சியாங்சி ஆட முன்பணம் எதற்கு?

கேள்வி: சீனாவின் செங்டு நகருக்குப் போகிறேன். ஓரளவு செஸ் தெரியும். அங்கே பழைய தேநீரகம் ஒன்றில் சீனச் சதுரங்கமான சியாங்சி ஆட ஆசை. ‘ஆட்ட அனுபவம்’ என்று சொல்லி ஒரு வழிகாட்டி முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மக்கள் பூங்காவில் இருக்கும் ஹெமிங் தேநீரகம் 1923-இல் தொடங்கியது. அங்கே உட்கார யார் சிபாரிசும் வேண்டாம். காலியான மூங்கில் நாற்காலியைப் பிடித்து ஒரு மல்லிகைத் தேநீர் வாங்கினால் போதும். அதிலேயே வெந்நீர் ஊற்றி ஊற்றி மதியம் முழுக்க இருக்கலாம்.

செஸ் தெரிந்தவருக்கு ஆட்டம் சீக்கிரம் பிடிபடும். காய்கள் கட்டத்தில் அல்ல, கோடுகள் சந்திக்கும் இடத்தில் நிற்கும். பலகையின் நடுவே ‘ஆறு’ என்று ஓர் இடைவெளி உண்டு, யானை அதைத் தாண்டாது. காயின் மேல் படம் இருக்காது, எழுத்துதான். அதை மட்டும் ஊரிலேயே பழகிவிடுங்கள்.

என் கவலை வேறு. சீன நகரங்களில் தெருவோரம், பாதி ஆடிய நிலையில் பலகை வைத்து ஒருவர் உட்கார்ந்திருப்பார். இரண்டே நகர்த்தலில் ஜெயித்துவிடலாம் போலத் தெரியும். ‘எந்தப் பக்கம் வேண்டுமோ எடுத்துக்கொள்’ என்று பெருந்தன்மை வேறு! அது யோசித்துக் கட்டிய புதிர். இரு பக்கமும் சரியாக ஆடினால் பெரும்பாலும் சமன். ஒன்று பிசகினால் பந்தயப் பணம் போச்சு. சுற்றி நின்று உங்களை உசுப்பேற்றுகிறவர்களும் அவர் ஆட்கள்தான். ‘ஆங்கிலம் பழக வேண்டும், வாருங்கள் தேநீர் குடிப்போம்’ என்று கூப்பிடும் இளசுகளுடனும் போகாதீர்கள். பில் வந்தால் மயக்கமே வரும். மாஜோங் என்ற சீன ஓட்டு விளையாட்டு (சிறு ஓடுகளை அடுக்கி ஆடுவது) நடக்கும் மேசையில் காசு புரண்டால் வேடிக்கையோடு நிறுத்துங்கள், சூதாட்டம் அங்கே சட்டவிரோதம்.

வழிகாட்டிக்குப் பணம் தரலாம் என்றால் ஒரே ஒரு சூழ்நிலையில்தான்: சீனம் தெரியாத குடும்பம், அதில் யாருக்காவது மாஜோங்கை அடியிலிருந்து கற்க ஆசை. அப்போதும் அவர் மொழிபெயர்ப்பாளர் மட்டுமே. மணிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, வேலை முடிந்தபின் கொடுங்கள். தேநீர்க் காசை நீங்களே கடையில் கட்டுங்கள். வாசலில் தானாக வந்து ஒட்டிக்கொண்டவர் என்றால் அதுவும் வேண்டாம்.

அப்புறம், ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சீன மத்திய வங்கி விதி வைத்திருக்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது. நூறு யுவான் நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை என்று கை விரிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கியூஆர் கோடு என்றால் விருந்தாளி என்னதான் செய்வார்? கிளம்பும் முன்பே அலிபே என்ற பணம் கட்டும் செயலியில் உங்கள் கார்டை இணைத்துவிடுங்கள், சில்லறை நோட்டும் கொஞ்சம் வைத்திருங்கள்.