மடிப்பில் வெடிக்கும் வாழ்த்து மடல்

கேள்வி: நாங்கள் ஆறு பேர் ஞாயிறு தோறும் கூடிக் கைவேலை செய்கிறோம். பொங்கலுக்கு 60 வாழ்த்து மடல் செய்யத் தொடங்கினோம். ஏ4 நிற மட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி நடுவில் மடிக்கிறோம். மடிப்பில் நிறம் வெடித்து வெள்ளை தெரிகிறது. படம் ஒட்டிய மடல்களோ மறுநாள் கூரை ஓடு போல வளைந்து கிடக்கின்றன. மட்டை கூடாததா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: மட்டையைக் குறை சொல்ல வேண்டாம். பிழை வெட்டிய திசையில் இருக்கிறது. ஆலையில் காகிதம் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே வாக்கில் படுத்துவிடும். ஏ4 அளவில் வரும் மட்டையில் அந்த வாக்கு அநேகமாக நீளப் பக்கத்தோடு ஓடும். நீங்கள் வெட்டும் விதத்தில் மடிப்பு அந்த நார்களைக் குறுக்கே முறிக்கிறது. இனி 297 மி.மீ. பக்கத்தை நடுவில் குறுக்காக வெட்டுங்கள். கிடைக்கும் 148 × 210 துண்டை 105 மி.மீ.இல் மடியுங்கள். மடலின் அளவு அதேதான், ஆனால் மடிப்பு நார்களோடு போகும். மடல் புத்தகம் போலப் பக்கவாட்டில் திறக்கும். புறக்கோட்டையில் பெரிய பிரிஸ்டல் போர்ட்டாக வாங்கினால், வெட்டுமுன் இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்த வாக்கில் மடிப்பு வரட்டும்.

மடிக்குமுன் கோடு அழுத்துவதை ஒருபோதும் விடாதீர்கள். நான்கைந்து பத்திரிகைத் தாளை விரித்து, இரும்பு அடிமட்டம் வைத்து, மை தீர்ந்த குமிழ்முனைப் பேனாவால் இரண்டு தரம் இழுத்தால் போதும். மறுபுறம் எழும்பும் மேடு மடிப்பின் உட்பக்கம் வரவேண்டும். பலர் இதைத் தலைகீழாக மடிக்கிறார்கள். மட்டை 220 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை) நல்லது.

வளைவுக்குக் காரணம் பசையின் ஈரம். பைண்டர் கம்மை முழுப் பரப்பிலும் பூசினால் ஒருபக்க நார்கள் ஊதி, காயும்போது சுருங்கி மட்டையை இழுக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் அது காயவும் நேரமெடுக்கும். பெரிய துண்டுகளுக்கு இருபக்க டேப் ஒட்டுங்கள். சிறு பூ, பானை, கரும்புத் துண்டுகளுக்குத் தீக்குச்சி முனையால் ஒரு பொட்டுக் கம் வைத்தால் போதும். இரவு முழுக்க வெள்ளைத் தாள்களுக்கு இடையே வைத்துப் பாரமான புத்தகங்களை ஏற்றுங்கள். புடைத்து நிற்கும் பூக்களைப் பாரம் எடுத்த பிறகே ஒட்டவேண்டும்.

60 மடலுக்கு 30 தாள் கணக்கு, 33 வாங்குங்கள். வெட்டுவதையும் கோடு அழுத்துவதையும் ஒருவரே செய்யட்டும். கை மாறினால் அளவும் மாறும், பிறகு விளிம்புகள் பொருந்தா.

கேள்வி: இந்த அளவுக்கு உறை செய்வது எப்படி?

பதில்: கடையில் சி6 உறை (114 × 162 மி.மீ.) கிடைத்தால் சரியாக இருக்கும். கையால் செய்வதானால் 100 ஜிஎஸ்எம் ஏ4 தாளை நிறுத்தி வைத்து, உயரத்தை 260 மி.மீ.ஆக வெட்டுங்கள். கீழிருந்து 100 பின்புறம், அடுத்த 110 முன்புறம், மேலே மிஞ்சும் 50 மூடி. இரு பக்கமும் 28 மி.மீ. விட்டு, அந்த ஓரங்களை முன்புறப் பகுதியில் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் வெட்டி நீக்குங்கள். ஓரங்களை உள்ளே மடித்துக் கம் பூசி, பின்புறத்தை மேலே ஏற்றி ஒட்டுங்கள். மடலில் பொத்தான், மணி ஒட்டியிருந்தால் உறையின் உள் அகலத்தில் 5 மி.மீ. கூட்டிவிடுங்கள், இரு பக்க ஓரமும் 2.5 மி.மீ. வீதம் குறையும்.