ஆடிக் குளிரில் தேடும் மோதிரம்

கேள்வி: ஐயா, ஆனிக் கடைசியில் மத்தி மீன் கரையேறிய அன்று, வலை இழுத்தவர்களோடு நானும் முழங்கால் தண்ணீரில் இறங்கி மீன் அள்ளினேன். கரைக்கு வந்து பார்த்தால் விரலில் மோதிரம் இல்லை. கல்யாணத்தன்று மாமியார் போட்டுவிட்டது. தம்பி மகனிடம் பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்று இருக்கிறது. ஈர மணலில் வைத்தாலே கத்துகிறது. இனிக் கிடைக்குமா?
– வாசகி, இசிபிங்கோ (டர்பன் அருகே, தென்னாப்பிரிக்கா)

பதில்: கிடைக்க வாய்ப்பு இருக்கிறது அம்மா, மனம் தளராதீர்கள். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும். அதனால்தான் மத்தி வரும் நாட்களில் இத்தனை மோதிரங்கள் கழன்று போகின்றன. தங்கம் மணலைவிடப் பல மடங்கு கனம். அலை மணலைக் கலக்கக் கலக்க அது கீழே இறங்கி, சிப்பித் துண்டும் சரளையும் கிடக்கும் கெட்டியான அடுக்கில் தங்கிவிடும். சாதாரணக் கருவிக்கு மோதிரம் ஒரு சாண் ஆழத்துக்குமேல் எட்டாது. ஆகவே மேல்மணல் அரிந்து போகும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும்.

அந்த நாளை நம் ஆடி மாதக் குளிர்காலம்தான் தரும். தென்மேற்கே கேப் பக்கம் புயல் கிளம்பினால், இரண்டொரு நாளில் தென்மேற்குக் காற்றும் பேரலையும் நம் கரைக்கு வந்துவிடும். சில வருடங்களுக்கு முன், அப்படியொரு புயல் ஓய்ந்த விடியலில், உம்கேனி ஆற்றின் முகத்துவாரத்துக்கு வடக்கே மணல் இடுப்பு உயரத்துக்குச் சுவர்போல அரிந்து நின்றது. அதன் அடியில் ஒரு டிக்கியை எடுத்தேன். பழைய மூன்று பென்ஸ் வெள்ளிக் காசு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது, கரியாகக் கறுத்திருந்தது. கட்டைவிரலால் தேய்த்ததும் 1943 என்று தெரிந்தது. நான்கு விரல் தள்ளி ஒரு மோதிரம். வெள்ளி அப்படிக் கறுத்துக் கிடக்க, தங்கம் நேற்றுத்தான் தட்டானிடம் வாங்கியதுபோல் மின்னியது! உள்பக்கம் பொறித்திருந்த எழுத்தை வைத்து உரியவரைத் தேட ஐந்து மாதம் ஆயிற்று. அவருடைய மகள் வந்து வாங்கிக்கொண்டு, வாசலிலேயே நின்று அழுதார்.

கருவி கத்துவதற்குக் காரணம் உப்பு நீர். ஈர உப்பு மணல் மின்சாரத்தைக் கடத்தும்; ஒற்றை அதிர்வெண் கருவி அதையே உலோகம் என்று எடுத்துக்கொள்ளும். உணர்திறனைக் குறைத்து, அந்த ஈர மணல்மீதே கருவியைச் சமன்செய்யச் சொல்லுங்கள். முக்கியமானது இன்னொன்று: அலுமினியத் தாளின் சத்தத்தை ஒதுக்கும்படி வைக்கவே கூடாது. மெல்லிய மோதிரமும் ஏறக்குறைய அதே சத்தத்தைத்தான் தரும். குப்பை நிறைய வரும், பொறுமையாகத் தோண்டுங்கள்.

ஆடி அமாவாசையையும் அதற்கடுத்த இரண்டு நாட்களையும் விட்டுவிடாதீர்கள். கடல் வெகுதூரம் உள்வாங்கும். நீங்கள் நின்ற இடத்தை நேர்க்கோட்டில் ஒரு கட்டடத்தோடு சேர்த்து நினைவுபடுத்திக்கொண்டு இறங்குங்கள்.

கேள்வி: என் கொள்ளுத்தாத்தா ஆங்கிலேய–போயர் போரில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர். இப்போது புல் காய்ந்திருப்பதால் ஸ்பியன் கோப் மலையில் கருவியோடு தேடலாம் என்றிருக்கிறேன்.
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: வேண்டாம் தம்பி. 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமை வளங்கள் சட்டப்படி, இத்தகைய போர்க்களத்துக்கு அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைக் கொண்டுபோவதே குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த உச்சியில் இருக்கும் நீண்ட அகழிதான் 1900 ஜனவரியில் மாண்டவர்களின் கல்லறை. காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு நாளுக்கு 20, 25 மைல் நடந்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் போன்றவர்களைச் சேர்த்து அவர் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் இருந்த ஏறத்தாழ 1,100 பேரில் பெரும்பாலானோர் ஒப்பந்தக் கூலிகள். வெறுங்கையோடு ஏறிப் பாருங்கள். கொள்ளுத்தாத்தாவின் ஒப்பந்த எண் வீட்டில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். டர்பன் ஆவணக் காப்பகத்தில், ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து வந்த கப்பல்களின் பட்டியலில் அவருடைய ஊரும் தகப்பனார் பெயரும் இருக்கும். நானும் கூட வந்து தேடுகிறேன்.