நட்டாலத்தில் தொடங்கலாமா?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கருங்கல் பக்கம், வேலை பெங்களூரில். வரும் சிவராத்திரிக்கு முதல்முறையாகச் சிவாலய ஓட்டம் (குமரி மாவட்டத்துப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கும் ஓட்டமும் நடையுமாகப் போவது) போகலாம் என்றிருக்கிறேன். நட்டாலம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். ஆனால் எல்லாரும் முஞ்சிறையில் தொடங்கி நட்டாலத்தில்தான் முடிக்கிறார்கள். நான் நட்டாலத்தில் தொடங்கித் திருப்பி நடந்தால் என்ன? என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் ஸ்பெயினில் சாந்தியாகோ என்ற ஊருக்கு நடக்கும் கிறிஸ்தவ யாத்திரைக்குப் போய்வந்தவர். அங்கே பாதைகள் பல, எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம் என்கிறார். நமக்கு மட்டும் ஏன் கட்டாயம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

யாரும் தடுக்கமாட்டார்கள். பைக்கிலும் வேனிலும் பன்னிரண்டையும் முடிக்கிறவர்களையே யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் திருப்பி நடக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். சாஸ்திரத்துக்காக இல்லை, கதைக்காக.

கதையை உங்கள் பாட்டி சொல்லியிருப்பாள். பாதி மனிதன், பாதி மிருகமான புருஷாமிருகத்தின் பால் கொண்டுவரப் பீமன் போகிறான். அது முற்றிய சிவபக்தன். திருமால் பெயர் காதில் விழுந்தால் சீறும். கண்ணன் பன்னிரண்டு ருத்திராட்சம் கொடுத்து அனுப்புகிறான். ‘கோவிந்தா, கோபாலா’ என்று பீமன் கூவ, அது துரத்துகிறது. நெருங்கியதும் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போடுகிறான், அது லிங்கமாகிறது. மிருகம் நின்று பூஜை செய்துவிட்டு மறுபடி துரத்துகிறது. முஞ்சிறைத் திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று ஓடி, நட்டாலத்தில் அரியும் சிவனும் சங்கரநாராயணராக ஒரே உருவில் நிற்கச் சண்டை தீர்கிறது. சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் வாயில் கோவிந்த நாமம் வந்ததும் இப்படித்தான். நட்டாலத்தில் தொடங்கினால், பீமன் புருஷாமிருகத்தின் வாயைத் தேடி ஓடுகிறான் என்றாகிவிடும்.

சாந்தியாகோ கணக்கு வேறு. அங்கே போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: நம் கடற்கரை ஊர்களில் சந்தியாகப்பர் என்கிறோமே, இயேசுவின் சீடர், அவருடைய கல்லறை. புறப்படுவது அவரவர் வீட்டு வாசலாக இருக்கலாம். சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும். திருப்பி நடக்க முன்மாதிரி வேண்டுமென்றால் ஜப்பானின் ஷிகோகு தீவைக் காட்டியிருக்கலாம் நீங்கள். 88 கோயில்கள், சுமார் 1,200 கிலோமீட்டர், வட்டப் பாதை. கோபோ தைஷி என்ற துறவியைத் தேடி எமோன் சபுரோ என்பவன் இருபது சுற்று நடந்தும் காணாமல், அடுத்த சுற்றை எதிர்த்திசையில் நடந்தபோது கண்டான் என்பார்கள். அங்கே எதிர்நடைக்கும் ஒரு கதை இருக்கிறது.

நம் கதை கோயில்களின் வரிசையோடு நின்றுவிடுகிறது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பீமன் எந்த வழியாகப் போனான் என்று யாரும் கேட்டதில்லை. உங்கள் சுதந்திரம் எல்லாம் அங்கேதான்.

ராத்திரி கூட்டத்தோடு ரோட்டிலேயே போங்கள். சுக்குநீரும் கஞ்சியும் வைத்துக்கொண்டு வழியெல்லாம் ஊர் விழித்திருக்கும். குறுக்குவழிக்காரனுக்கு அது கிடைக்காது. வெயில் ஏறிய பிறகு தார் ரோடு வெறுங்காலுக்குத் தோசைக்கல். அப்போது சானல் (கால்வாய்) கரை கண்ணில் பட்டால், அது எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டு இறங்கிவிடுங்கள். மண் தரை, தென்னை நிழல், தண்ணீர் இருந்தால் காலையும் நனைக்கலாம்.

ரப்பர் தோட்டத்துக் குறுக்குவழியை மட்டும் நம்பாதீர்கள். சிவராத்திரி சமயம் ரப்பர் இலை உதிரும் காலம். நிழல் இருக்காது, ஒற்றையடிப் பாதை சருகுக்கு அடியில் போயிருக்கும். பால்வெட்டையும் பெரும்பாலும் நிறுத்தியிருப்பார்கள், வழி கேட்க ஆள் கிடையாது. நானும் ஒரு சிநேகிதரும் ஒருமுறை பொன்மனை தாண்டித் தோட்டத்துக்குள் இறங்கினோம். ஒன்றரை மணி நேரம் சருகு மிதித்து ஒரு ரோட்டில் வந்து ஏறினால், அங்கே நின்ற பாட்டி எங்கள் காவி வேட்டியையும் ஓலை விசிறியையும் பார்த்துவிட்டு, “பொன்மனைக்கா மக்களே? இன்னும் கொஞ்சந்தான்” என்றாள். சிநேகிதர் அதற்குப் பிறகு நட்டாலம்வரை என்னிடம் பேசவில்லை.

வீடு பக்கத்தில் இருப்பது முடிக்கும்போதுதான் உதவும். நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்த காலோடு நீங்கள் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம். முஞ்சிறைக்குப் போக மட்டும் யாரையாவது பைக்கில் கொண்டுவிடச் சொல்லுங்கள்.