தோட்டக்காரர்கள் முன்னால் ஸ்லைடு போட்டுப் பேசுவது எப்படி?

கேரளத்தின் குமுளியில் ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் 40 பேருக்கு அழுகல் நோய் பற்றி ஸ்லைடு போட்டுப் பேச வேண்டும், எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அழுகலை உண்டாக்கும் பைட்டாப்தோரா கிருமியின் படத்தோடு தொடங்காதீர்கள். அழுகிய காய்களை மூடிய பாட்டிலில் போட்டு முன்வரிசையில் கொடுங்கள். (திறக்க வேண்டாம், நோய் பரவும்.) பாட்டில் கைமாறும்போதே, "எங்க தோட்டத்துலயும் இப்படித்தான்" என்று யாராவது தொடங்குவார். அவரை முழுதாகப் பேச விடுங்கள். அதற்கப்புறம் உங்கள் பேச்சுக்கு எல்லோரும் காது கொடுப்பார்கள். மலையாளத்திலும் அது அழுகல்தான், அதனால் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள்.

10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 பாயின்ட் எழுத்து என்பது அமெரிக்க முதலீட்டாளர் கை கவாசாகி (Guy Kawasaki) சொன்ன கணக்கு. அவர் முதலீடு கேட்பவர்களுக்காகச் சொன்னது. ஆனாலும் அந்த 30-ஐ விடாதீர்கள். சிறிய எழுத்தில் 'ஞ', 'ழ' எல்லாம் பின்வரிசைக்குக் கருப்புத் திட்டுதான்.

சரி, கருத்துக் கேட்பது. "எப்படி இருந்தது?" என்றால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். டீக்கு முன்பே பெயரில்லாத சீட்டு கொடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: எது புரியவில்லை? நாளைக்குத் தோட்டத்தில் எதை மாற்றுவீர்கள்? எழுதத் தயங்குபவர்களிடம் டீ குடிக்கும்போது பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து நான்கைந்து பேருக்குப் போன் போட்டு, அழுகலைத் தடுக்க வடிகால் வெட்டினார்களா என்று கேளுங்கள்.