வரையத் தெரியாதவர் அன்றாடக் கணக்கைப் படமாக்க முடியுமா?

“கோடு போடவே வராது, ஆனால் அன்றாடக் கணக்குகளை விளையாட்டாகப் படமாக்க ஆசை” என்று கேட்டிருக்கிறீர்கள். வரையத் தெரியாது என்று யாராவது ஒதுங்கி நின்றால் எனக்குத் தாங்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

புள்ளியும் கோடும் வட்டமும் போதும். நியூயார்க்கில் இருந்த ஜியோர்ஜியா லூபியும் லண்டனில் இருந்த ஸ்டெஃபனி போசவெக்கும் 52 வாரம் ஒருவருக்கொருவர் தபால் அட்டை வரைந்து அனுப்பினார்கள். ஒரு வாரம் கடிகாரம் பார்த்த தடவைகள், ஒரு வாரம் சொன்ன நன்றிகள், ஒரு வாரம் புலம்பிய புலம்பல்கள். முன்பக்கம் படம், பின்பக்கம் அதைப் படிக்கும் முறை. 2016இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றை வாங்கிக்கொண்டது. இருவரும் தொழில்முறை வடிவமைப்பாளர்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் முதலில் தேவைப்பட்டது எண்ணுகிற பொறுமை.

என் அம்மாவுக்குச் சர்க்கரை. தினமும் காலையில் விரலைக் குத்தி, எண்ணை நோட்டில் எழுதுவேன். ஆறு மாதமாக அம்மா அந்த நோட்டைத் திறந்ததே இல்லை. எண்ணைப் பார்த்தாலே பயம். ஒரு மாதம் அட்டையில் கட்டம் போட்டு, நாளுக்கொரு பூ வரைந்தேன். ரத்தச் சர்க்கரையில் ஒவ்வொரு 20 மில்லிகிராமுக்கும் ஓர் இதழ். மருத்துவர் சொன்ன 130க்குள் இருந்தால் மஞ்சள், தாண்டினால் சிவப்பு. நடைப்பயிற்சி போனால் தண்டில் ஓர் இலை. இனிப்புத் தின்றால் ஓர் எறும்பு.

இரண்டாம் வாரமே “எறும்பை நான் போடுகிறேன்” என்று பேனாவை வாங்கிக்கொண்டார். மூன்றாம் வாரம் கேட்டார்: “என்னடி இது, திங்கட்கிழமைப் பூவெல்லாம் சிவப்பாகவே இருக்கிறது?” ஞாயிறு இரவு பத்து மணிக்குப் பரோட்டா. நோட்டில் அத்தனை எண்ணையும் எழுதிய எனக்கு அது தெரியவில்லை. அம்மா கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு ஞாயிறு ஏழு மணிக்கே இட்லி.

மருத்துவம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நோட்டை நிறுத்தவில்லை, மருத்துவரிடம் காட்டுவதும் அதைத்தான். பூவில் 141க்கும் 158க்கும் ஏழே இதழ்தான் என்பது எனக்கும் தெரியும். கணினியில் இரண்டு நிமிடத்தில் வரைபடம் வரும் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது: வரும், அம்மா அதைப் பார்க்க மாட்டார்.

நீங்கள் தொடங்கும்போது எதற்கு எந்தக் குறி என்பதை முதலில் எழுதி ஒட்டிவிடுங்கள். நடுவில் மாற்றினால் படம் பொய் சொல்லும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு அடுத்த மாதம் வரைந்த அட்டையில் 9 வெற்று வட்டங்கள் இருக்கின்றன. ரத்தச் சொட்டை வைத்துச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் தீர்ந்துபோன நாட்கள். கருவியை மலிவாகக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பில் பிடுங்குகிறார்கள். ஒரு வகைக் கருவியின் ஸ்ட்ரிப் பெரும்பாலும் இன்னொரு வகையில் சேராது. மாதக் கடைசியில் நாங்கள் குத்துவதையே நிறுத்திவிடுகிறோம். அம்மா அந்த வட்டங்களை மொட்டு என்கிறார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.